ஓராள் தூக்கும் வள்ளம்

எதை வாங்குவதானாலும் அவர் முதலில் தூக்கிப் பார்ப்பார். விலை கேட்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். புத்தளம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருக்கிற கடையில் சனங்கள் கதிரையில் உட்கார்ந்து பார்த்து வாங்குவார்கள். இவர் கதிரையைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு கடைக்குள்ளேயே நாலடி நடந்து பார்ப்பார். கடைக்காரர் என்னைப் பார்ப்பார். நான் வாசலில் ஓட்டோவுக்குள் இருந்துகொண்டு, இந்த மனுசரை எனக்குத் தெரியவே தெரியாது என்கிற மாதிரித் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நுரைச்சோலையில் அவருடைய வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு தென்னங்கிடுகு வேலிதான். தொண்ணூறில், யுத்த காலத்தில், இயக்கத்தால் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த முஸ்லிம் சனங்களில் அவரும் ஒருவர். முதலில் அகதி முகாமில் ஓலைக் கொட்டில். பிறகு என் வாப்பாவிடம் ஒரு துண்டுக் காணி வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய கல்வீடு. அண்ணன் முறையில் நான் அவரை நானா என்பேன், அக்கா முறையில் அவருடைய மனைவியை ராத்தா என்பேன். ஊர் அவருக்கு வைத்த பெயர் தூக்கி நானா. முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள். சொல்லாவிட்டாலும் அவருக்குத் தெரியும். தெரிந்தும் அவர் ஒருவரையும் கோபித்ததில்லை.

பாரத்தைப் பார்த்து வாங்கினால் பொருள் நன்றாக இருக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அவர் வாங்கிய மின்விசிறி தன்னுடைய காற்றுக்குத் தானே விழும். அவர் வாங்கிய சோற்றுப் பானைக்கு அடி அவ்வளவு மெல்லிசு, ராத்தா பானைக்கு முன்னால் காவல் இருந்துதான் சோறு ஆக்குவார். ஒரு நிமிசம் வேலியோரம் வந்து என் மனைவியோடு கதைத்தால் அடிப்பிடித்த மணம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். "உங்கட நானாட்ட செல்லுங்க தம்பி, பானய நான் தலையில வெச்சுத் திரியப் போறதில்ல, அடுப்புலதான் வெக்கப் போறன்" என்று என்னிடம் முறையிடுவார். நான் அவரிடம் சொல்வேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். அடுத்த பானையும் அதே மாதிரித்தான் வரும்.

அந்த வீட்டில் அலுமாரி கிடையாது. மகளுக்குக் கல்யாணம் பேசி வந்தபோதாவது ஒன்று வாங்குங்கள், வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று ராத்தா அழாக்குறையாகக் கேட்டார். அவரும் சம்மதித்து என்னோடு கடைக்கு வந்தார். தேக்கு அலுமாரி ஒன்றின் மூலையைப் பிடித்துத் தம் கட்டித் தூக்கினார். அது அசையவில்லை. "இது நம்மளுக்குச் சரிவராது தம்பி" என்று சொல்லிவிட்டு, பக்கத்துக் கடையில் நாலு பெரிய பயணப் பை வாங்கிக்கொண்டு வந்தார். அன்று வேலிக்கு அந்தப் பக்கம் நடந்த சண்டையில் எங்கள் கோழிகள் இரண்டு நாள் முட்டையிடவில்லை என்று என் மனைவி இப்போதும் சத்தியம் பண்ணுவாள்.

அதனால் அந்த வீட்டுச் சுவரெல்லாம் ஆணி, ஆணியெல்லாம் பை. உடுப்பு ஒரு பையில், பத்திரங்கள் ஒரு பையில், பிள்ளைகளின் பாடப் புத்தகம் ஒரு பையில். புதிதாக வருகிறவர்கள் இந்த வீட்டில் எல்லோரும் எங்கேயோ பயணம் போகப் போகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். "எப்ப நானா உம்ராவுக்கு வெளிக்கிடுறீங்க?" என்று நான் பகிடி பண்ணுவேன். அவர் சிரித்துக்கொண்டே, இன்ஷா அல்லாஹ், இன்ஷா அல்லாஹ் என்பார்.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு ஆடு வாங்கப் போனாலும் இதே கதைதான். மற்றவர்கள் பல்லைப் பார்ப்பார்கள், கண்ணைப் பார்ப்பார்கள். இவர் ஆட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பார். வண்ணாத்திவில்லுப் பக்கம் ஓர் ஆட்டுக்காரர் பொறுக்கமாட்டாமல் என்னிடம் கேட்டார்: "இந்த மனுசன் ஆடு வாங்க வந்தாரா, ஆட்டோட ஓட வந்தாரா?" நான் வயிறு நோகச் சிரித்தேன். நானா சிரிக்கவில்லை. ஆட்டைக் கீழே விட்டு, அதன் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டு, அதைவிடச் சின்னதாக ஒன்றைப் பார்க்கப் போனார்.

என் மகள் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த அன்று அவரும் ராத்தாவும் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் பிள்ளை யாருடைய சாயல் என்று வாக்குவாதப்பட்டார்கள். இவர் பிள்ளையை இடது கையில் ஏந்தி, ஒரு பக்கம் சாய்த்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "மாஷா அல்லாஹ், ஒரு கையில வருது" என்றார். அப்படியே நின்று வலது கையை விரித்தும் மடக்கியும் பார்த்தார். அந்தக் கையில் வேறென்ன கொள்ளும் என்று கணக்குப் போடுகிற மாதிரி இருந்தது. என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொள்ள நான் கையை நீட்டினேன்.

மீன் ஒன்றைத்தான் அவர் தூக்கிப் பார்க்காமல் வாங்குவார். நாலடி தள்ளி நின்று செவுளை ஒரு பார்வை பார்த்தால் போதும். மன்னாரில் அவர் வள்ளக்காரர். ஆனால் இங்கே வந்து இருபது வருசத்துக்கு மேல் அவர் கடலில் கால் வைத்ததை யாரும் பார்த்ததில்லை. வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குப் போனார், உப்பளத்தில் உப்பு வாரினார். பின்னேரத்தில் கரைக்குப் போய், மற்றவர்களுடைய வள்ளத்தில் வந்த மீனை வாங்கிக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வருவார். அப்படியானவர்தான் ஒரு நாள் வேலியோரம் வந்து, "தம்பி, ஒரு வள்ளம் பாக்கப் போகணும், வாறியா?" என்று கேட்டார்.

கட்டாரில் வேலைக்குப் போன மகன், வீட்டுக்கு மாபிள் போடட்டுமா வாப்பா என்று கேட்டானாம். மாபிள் வேண்டாம், ஒரு சின்ன வள்ளம் போதும் என்றாராம் இவர். ராத்தா கேட்டுக்கொண்டு நின்றார். பானைக்கும் அலுமாரிக்கும் அவ்வளவு சண்டை பிடித்த மனுசி, வள்ளத்துக்கு ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. முந்தானையால் முகத்தை ஒரு தரம் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

வள்ளம் வாங்குவது பெரிய காரியமில்லை. அதை வைக்கிற இடம்தான் காரியம். எங்கள் கரையில் யாருடைய வள்ளத்தை எங்கே இழுத்து வைப்பது என்பது எழுதாத சட்டம். வாப்பாவின் இடம் மகனுக்கு, மகனுடைய இடம் பேரனுக்கு. அந்த இடத்தை யாரும் விற்பதுமில்லை, வாங்குவதுமில்லை. வெளியிலிருந்து வந்தவர் போய்க் கேட்கத்தான் வேண்டும். நான் கேட்டுத் தருகிறேன் என்றேன். "வேணாம் தம்பி" என்றார். "எனக்குக் கரையே வேணாம். வீட்ட கொண்டு வரக்கூடிய வள்ளமா பாப்பம். ஒராள் தூக்கணும். அவ்வளவுதான்."

அப்படி ஒரு வள்ளம் உலகத்தில் இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். தேடத் தொடங்கினோம்.

முதலில் புத்தளத்தில் விளையாட்டுச் சாமான் கடை. கூரையிலிருந்து நீலமும் மஞ்சளுமாக ஒரு காற்றடித்த வள்ளம் தொங்கியது. பெட்டியில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் இரண்டு துடுப்போடு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் அதை ஒரு விரலில் தூக்கினார். அவருடைய முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் கண்டதில்லை.

"நானா, இது பிள்ளைகள் குளத்துல போட்டு வெளயாடுற சாமான். களப்புல ஒரு சிப்பி கீறினா, நீங்க ஒரு பக்கம், காத்து ஒரு பக்கம்."

"ஒரு விரல்ல வருதே தம்பி."

"ஒரு விரல்ல வாறது ஒரு விரல்ல போகும்."

மனமில்லாமல்தான் வெளியே வந்தார். ஓட்டோ திரும்பும்வரைக்கும் அந்தக் கூரையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அடுத்தது வண்ணாத்திவில்லு. அங்கே ஒருவர் குளத்தில் மீன் பிடிக்கிறதுக்கென்று ஃபைபரில் சின்ன வள்ளம் செய்திருந்தார். நல்ல வேலை, அடி தட்டை, நின்று வலை வீசலாம். மீன்பிடிக்கிறவன் எவனும் அதைத்தான் வாங்குவான். இவர் அணியப் பக்கம் பிடித்துத் தூக்கினார். முன்பக்கம் எழும்பியது, பின்பக்கம் நிலத்தில் கிடந்தது. பின்பக்கத்துக்கு ஓடி அதைத் தூக்கினார். முன்பக்கம் கிடந்தது. "ஒரு பொடியன வெச்சுக்கொண்டா பிரச்சினையில்ல" என்றார் விற்கிறவர். "அந்த நேரத்துல பொடியன் எங்க நிப்பானோ" என்றார் இவர். எந்த நேரத்தில் என்று எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கவில்லை.

பிறகு கண்டக்குழி. பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் ஓடுகிற வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற இடங்கள் அங்கே நிறைய. ஓர் இடத்தில் பிளாஸ்டிக் கயாக் இருந்தது. தோளில் வைத்தால் தூக்கலாம். ஆனால் அதில் காலை நீட்டிக்கொண்டு இருக்கத்தான் முடியும், எழும்பினால் கவிழும். எழும்பாமல் வீச்சு வலையை எப்படி வீசுவது? தங்குமிடத்தைப் பார்த்துக்கொள்கிற முகாமையாளர் சிலாபத்துச் சிங்கள இளைஞர், தமிழ் நன்றாகக் கதைப்பார். அவர்தான் பின்பக்கக் கொட்டிலில் இன்னொன்று இருக்கிறது என்று கூட்டிக்கொண்டு போனார். பட்டக்காரர்கள் கடலில் விழுந்தால் ஓடிப்போய்த் தூக்குவதற்கு வைத்திருந்த றப்பர் வள்ளம். சாம்பல் நிறம், தோல் நல்ல தடிப்பு. அடியில் போடுவதற்குக் கழற்றிப் பூட்டுகிற பலகைகள் தனியாக இருந்தன. புதிது வந்துவிட்டதால் இதை விற்கப் போகிறார்களாம்.

நானா அதை விரலால் அமத்திப் பார்த்தார். நகத்தால் கீறிப் பார்த்தார். "நாளைக்கு வாறன்" என்றார்.

மறுநாள் வரும்போது ஒரு வாளியில் உயிரோடு கெளிற்று மீன் இரண்டு கொண்டு வந்தார். என் ஓட்டோவின் பின் ஆசனத்தில் அவருடைய காலடியில் வாளி. பள்ளத்தில் விழுந்து எழும்பும்போதெல்லாம் தண்ணீர் தெறித்தது. எதற்கு என்று கேட்டேன், சொல்லவில்லை. போய்ச் சேர்ந்ததும் வள்ளத்துக்குக் காற்றடிக்கச் சொன்னார். அடித்து முடிந்ததும் வாளியை அப்படியே அதற்குள் கவிழ்த்தார்.

கெளிற்றுக்கு முள் எங்கே என்று கையில் குத்து வாங்கிய எல்லோருக்கும் தெரியும். இரண்டும் துள்ளித் துள்ளி றப்பரில் அடித்தன. சிலாபத்துத் தம்பி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ அண்ணே, என்ன செய்றீங்க? ஓட்டை விழுந்தா எங்கட முதலாளி நோனாவுக்கு நான் என்ன சொல்றது?"

"ஓட்ட விழுந்தா நான் வாங்க மாட்டன் தம்பி. விழாட்டி வாங்குவன். கடலுக்குள்ள போய்ப் பாக்கிறதுக்கு முந்தி இங்கயே பாத்தா நல்லம்தானே."

"விழுந்தா?"

"விழுந்தா அப்ப கதைப்பம்."

வரிசையாக வெயில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் எழும்பி வந்து சுற்றி நின்றார்கள். ஒரு பெண் படம் பிடித்தாள். நான் வழக்கம்போல இவரை எனக்குத் தெரியாத மாதிரித் தென்னை மரத்தைப் பார்த்தேன். கெளிறு அடங்கியது. அவர் குந்தியிருந்து, றப்பரில் காதை வைத்து, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை கேட்டுக்கொண்டே நகர்ந்தார். காற்றுப் போகிற சத்தம் இல்லை. சிலாபத்துத் தம்பி அப்போதுதான் மூச்சு விட்டார்.

பிறகு நானா காற்றை இறக்கிச் சுருட்டிப் பையில் போடச் சொன்னார். பையைத் தலையில் ஏற்றினார். கழுத்து நரம்பு புடைத்தது. தென்னை மரம்வரை போனார், திரும்பினார், இன்னொரு தரம் போனார். இறக்கி வைத்துவிட்டு, "தூக்கலாம்" என்றார். பலகைகளை அவர் பார்க்கவே இல்லை.

"எவ்வளவு நேரம் எடுக்கும்?" என்று கேட்டார்.

"பம் அடிச்சா பத்து நிமிசம் அண்ணே. ரெண்டு பேர்னா இன்னும் கெதியா."

"ஊதுறதக் கேக்கல்ல தம்பி. காத்த எறக்கி, மடிச்சு, தலையில வெக்க எவ்வளவு நேரம்?"

சிலாபத்துத் தம்பி விழித்தார். அதை அவரிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். வள்ளம் வாங்குகிறவன் கடலுக்குப் போக எவ்வளவு நேரம் என்று கேட்பான்; ஓடுவதற்கு எவ்வளவு நேரம் என்று கேட்பானா? எனக்குத் திடுக்கென்றது. வீட்டுச் சுவரில் தொங்குகிற பைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணுக்கு முன்னால் வந்தன.

வள்ளத்தை வாங்கி ஏற்றிக்கொண்டு வரும் வழியில் நான் எதுவும் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார். பின்னாலிருந்து, என் தோளுக்கு மேலால், ஓட்டோச் சத்தத்துக்கு நடுவில்.

"எங்கட வள்ளத்த அந்த வருசம் பழுது பாக்கிறதுக்குக் கரையில ஏத்தி வெச்சிருந்தம் தம்பி. வாப்பாவும் நானும் சேந்து கட்டின வள்ளம். அந்த நேரம் பாத்துத்தான் ஊர விட்டு வெளிக்கிடச் செல்லிட்டாங்க. கற்பிட்டிக்குப் போற போட்டெல்லாம் சனம் ஏறுது. எங்கட வள்ளம் தண்ணில நிண்டிருந்தா என்ட குடும்பத்தையும் ஏத்தி, அக்கம்பக்கத்தையும் ஏத்திட்டு வந்திருப்பன். அது மணல்ல. தள்ளி எறக்க ஏழெட்டு ஆம்பிளையள் வேணும். ஒவ்வொருத்தரிட்டயும் ஓடி ஓடிக் கேட்டன், ஒரு கை தாங்க எண்டு. ஒருத்தர்ட கையும் சும்மா இல்ல. ஒரு கையில புள்ள, மத்தக் கையில மூட்ட."

பக்கத்திலிருந்த வள்ளப் பையை நகர்த்தி வைத்தார்.

"அவங்களச் செல்லிக் குத்தமில்ல. என்ட கையிலயும் மக இருந்தா. நான் மத்தக் கையால தள்ளிப் பாத்தன். அசையல்ல."

கண்ணாடியில் அவரைப் பார்த்தேன். "ரோட்டப் பாரு தம்பி, மாடு நிக்குது" என்றார்.

முதல் நாள், கடலை ஒட்டிய உப்புநீர்க் களப்புக்குப் போனபோது அவர் செய்த வேலையைச் சொல்லாமல் விட்டால் என் மனம் ஆறாது. பலகைகளை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். பையையும் தூக்கிப் பலகையையும் தூக்க ஓராளால் முடியாது. முடியாத பொருள் அவருக்குத் தேவையில்லாத பொருள். காற்றடித்தார், ஏறினார், கரையிலிருந்து கொஞ்சத் தூரம் துடுப்பு வலித்தார். எழும்பி நின்று, வலையின் ஓர் ஓரத்தைப் பல்லில் கடித்து, இடுப்பைத் திருப்பி வீசினார். பலகையில்லாத றப்பர் அடி மெத்தை மாதிரி அமுங்கியது. வலை நாலு முழம்தான் போனது, அவர் அதற்கு மேலால் போனார். ஈயக் குண்டெல்லாம் அவரைச் சுற்றி விழுந்தது. இடுப்பளவு தண்ணீர்தான், ஆபத்து ஒன்றுமில்லை. தன்னுடைய வலையில் தானே அகப்பட்டு எழும்பி நின்ற மனுசரைப் பார்த்துக் கரையில் நின்ற மீன்காரர்கள் மணலில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் வாயில் இன்னமும் வலையின் ஓரம் இருந்தது. அதைத் துப்பிவிட்டு அவரும் சிரித்தார். இருபது வருசத்துக்குப் பிறகு வலை வீசினவர் அப்படி விழுந்தாலும் சிரிக்கத்தான் செய்வார்.

அடுத்த நாளிலிருந்து பலகைகள் என் ஓட்டோவில் போயின. "இது மட்டும் நீ கொண்டு வா தம்பி" என்றார். அதைச் சொல்வதற்கே அவருக்குச் சங்கடமாக இருந்தது.

விடிய சுபஹு தொழுதுவிட்டுப் போவார். பின்னேரம் அஸருக்குப் பிறகு நான் கூட்டி வரப் போவேன். திரளி, மணலை மீன்கள், சில நாளில் நண்டு. எங்கள் வீட்டுக்கும் ஒரு பங்கு வரும், வேண்டாம் என்றால் கோபிப்பார். ஒவ்வொரு நாளும் காற்றை இறக்கி, துடைத்து, மடித்து, பையில் போட்டு, தலையில் வைத்து ஓட்டோவரைக்கும் கொண்டு வருவார். மற்ற வள்ளங்களெல்லாம் கரையில் வரிசையாக இருக்க, இவருடைய வள்ளம் மட்டும் வீட்டுக்குப் போகும். ராத்தா கிணற்றுத் தண்ணீரால் கழுவி எங்கள் வேலியில் காயப் போடுவார். வீடெல்லாம் றப்பர் நாற்றம் என்று குறை சொல்லிக்கொண்டே, உள்மடிப்பிலெல்லாம் கையை விட்டுத் தேய்த்துக் கழுவுவார்.

கரையில் மீன்காரர்கள் அவரைச் சும்மா விடமாட்டார்கள்.

"நானா, வள்ளத்துக்கு வீட்ட பாய் போடுறீங்களா, கட்டிலா?"

"குளிருக்குப் போத்தியும் விடுங்க நானா, தும்மல் வந்துட்டா காத்துப் போயிடும்!"

"ஓம் ஓம்" என்று சிரித்துக்கொண்டே மடிப்பார்.

ஒரு நாள் நான் கொஞ்சம் சூடாகவே கேட்டேன். "நானா, எங்கட வாப்பா உங்களுக்கு வித்த காணிய நாங்க திருப்பி எடுத்தோமா? இல்லதானே? அப்ப கரையில ஒரு முழம் எடம் கேட்டு வெக்கிறதுக்கு என்ன பயம் ஈக்கி?"

"எடுக்க மாட்டீங்க தம்பி. எனக்குத் தெரியும்" என்றார். பிறகு தன்னுடைய இரண்டு கைகளையும் பார்த்துவிட்டு, "இந்தக் கைகளுக்குத்தான் தெரியுதில்ல" என்றார்.

அவர் மவுத்தாகிக் கொஞ்ச வருசமாகிறது. ராத்தா மகளோடு புத்தளத்தில் இருக்கிறார். அவரைப் பற்றி இவ்வளவு பகிடி சொல்கிறேனே தவிர, நினைத்தால் என் நெஞ்சுக்குள் வந்து நிற்பது ஒரு பின்னேரம்தான்.

தென்மேற்கிலிருந்து வீசுகிற சோளகக் காற்று தொடங்கியிருந்த காலம். நான் கூட்டி வரப் போனபோது எங்கள் ஊர் அனல் மின் நிலையத்துப் புகை ஒரே பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. களப்புத் தண்ணீர் கறுத்து, கரையில் வந்து அடித்தது. அவர் வள்ளத்தைக் கரையேற்றி வைத்துக் காற்றை இறக்கத் தொடங்கியிருந்தார். கொஞ்சத் தூரத்தில் பெரிய ஃபைபர் வள்ளம் ஒன்று அலையில் அடிபட்டுக்கொண்டிருந்தது. அதன் சொந்தக்காரர், எங்கள் கரையில் எல்லோரும் சம்மாட்டி என்கிற பெரிய உடம்புக்காரர், அணியத்தில் தோளைக் கொடுத்துக்கொண்டு நின்றார். ஆட்கள் போதவில்லை. தள்ளினார்கள், மணலில் போட்டிருந்த பலகையில் ஏறிய வள்ளம் திரும்பத் தண்ணீருக்குள் வழுக்கியது.

சம்மாட்டி திரும்பிப் பார்த்துக் கத்தினார்: "மன்னார் நானா! ஆள் காணாது, ஒரு கை தாங்க!"

நான் அவரைப் பார்த்தேன். வால்வில் வைத்த கை வைத்தபடியே இருந்தது. அந்த வார்த்தையை அவர் அன்று மன்னாரில் எத்தனை பேரிடம் கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். அவரிடம் யாரும் கேட்டு நான் கண்டதில்லை. அப்படியே ஒரு நிமிசம் குந்தியிருந்தார். பிறகு எழும்பி ஓடினார். சாரத்தை மடித்துக் கட்டக்கூட நிற்கவில்லை. நானும் பின்னால் ஓடினேன்.

வள்ளத்தின் விளிம்பில் இரண்டு கையையும் வைத்தார். யாரோ சத்தம் கொடுத்தார்கள், எல்லோரும் சேர்ந்து உந்தினோம். அசைந்தது. இன்னொரு சத்தம், இன்னும் அசைந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு தள்ளினார். பலகையில் ஏறி, மணலில் ஏறி, வள்ளம் மேட்டில் போய் நின்ற பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. "நானா, காணும், ஏறிட்டு" என்று சம்மாட்டி அவருடைய தோளைத் தட்டினார். கண்ணைத் திறந்தார். அவருடைய முகமெல்லாம் தண்ணீர். அலை தெறித்த தண்ணீர் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

அவர் தன்னுடைய வள்ளத்திடம் திரும்பிப் போய்க் குந்தினார். சம்மாட்டி பின்னாலேயே வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கும் வருவீங்கதானே?"

"இன்ஷா அல்லாஹ்."

"அப்ப என்னத்துக்கு இத வீட்டுக்கும் கரைக்கும் சுமக்கிறீங்க? என்ட போட்டுக்கு இந்தப் பக்கம் போடுங்க. காத்து மறைவா ஈக்கி. நாளைக்கும் என்ட போட்ட எறக்க நீங்க வரணும், இப்பயே செல்லிட்டன்."

நானா தன்னுடைய வள்ளத்தைப் பார்த்தார். பாதிக் காற்றுப் போய் வள்ளம் சுருங்கிக் கிடந்தது. மடிப்பாரா மாட்டாரா என்று எனக்குச் சொல்ல முடியவில்லை. அடிப் பலகைகளைக் கையில் எடுத்துக்கொண்டு, ஓட்டோவில் ஏற்றுவதா வள்ளத்தோடு விடுவதா என்று தெரியாமல் நின்றேன். அவர் வால்வை மூடினார். பையைத் திறந்து காலால் மிதிக்கிற பம்மை எடுத்தார். விட்ட காற்றைத் திரும்ப அடிக்கத் தொடங்கினார்.

வள்ளம் நிமிர்ந்ததும் கூட நின்றவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். ஓராள் தலையில் தூக்குகிற சாமானுக்கு அத்தனை பேர். "மெதுவா, மெதுவா, பாரம்!" என்று ஒருவன் பகிடிக்குக் கத்தினான். எல்லோரும் முக்கி முனகிக்கொண்டு, கல்யாண வீட்டுச் சாமான் கொண்டு போகிற மாதிரிக் கொண்டு போய், சம்மாட்டியின் வள்ளத்துக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார்கள். நானா ஒரு கயிற்றை எடுத்துக் கட்டையில் கட்டினார். முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

ஓட்டோவில் ஏறியபோது அவரிடம் மீன் பை ஒன்றுதான் இருந்தது. நான் மெதுவாகத்தான் ஓட்டினேன். எந்த இடத்திலாவது, திருப்பு தம்பி, எடுத்துக்கொண்டு போவோம் என்பார் என்று ஒவ்வொரு சந்தியிலும் கண்ணாடியைப் பார்த்தேன். இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டு வாசலில் ராத்தா கழுவுவதற்கு வாளியோடு நின்றார். வெறுங்கையோடு இறங்கியவரைப் பார்த்ததும் முகம் செத்துப் போனது.

"வள்ளம் எங்க?"

"கரையில."

ராத்தா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாளியைக் கீழே வைத்தார். பிறகு, மன்னாரில் ஒவ்வொரு சோளகத்துக்கும் கேட்டிருப்பாரே, அந்தக் குரலில் கேட்டார்.

"நல்லா மேல இழுத்துத்தானே வெச்சீங்க? காத்துக் கூடுது."

"ஓம் ஓம், நாலு பேர்ட வள்ளம் கிடக்கிற எடத்துலதான் கிடக்குது" என்றார் அவர், சலித்துக்கொண்டு. "பசிக்குது. சோத்தப் போடு."